ஹைட்ராலிக் அவனுக்கு வராது

குரும்பகரம்,
18.1.2025

மாப்ள மாறனுக்கு, ஒங்க மாமன் கருப்பையன் எழுதுறது.

நான் நல்லாருக்கேன். நீ எப்படி இருக்கன்னு கேக்க மாட்டேன். போன்ல மாமன் நம்பர அடைச்சு வச்சிருக்கிறவன் நல்லாத்தான் இருப்பான். ஒங்கம்மா போன்லேருந்து அடிச்சா எடுக்குற, என் கொரலு கேட்டதும் வச்சிடுற. சரிடா, தபாலாபீஸ அடைக்க ஒன்னால ஆவாதுல்ல? கவர் வாங்கப் போனேன். அங்க உக்காந்திருக்க பொண்ணு, "யாருக்கு தாத்தா, லவ் லெட்டரா?"ன்னுச்சு. "ஆமா, ஓசூருல ஒருத்தி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா"ன்னேன்.

அப்புடி என்ன நான் சொல்லிட்டேன்? நீ பரிச்சைக்குன்னு இங்கிலீசு பேசிப் பழகி ஒங்கம்மாவுக்கு அனுப்புனத பட்டறையில நாலு பேரு கேக்கப் போட்டேன். ஆயில் இல்லாம ஓடுற எஞ்சின் மாதிரி இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னேன். அதுக்கா இவ்வளவு?

நீ எழுதுன கட்டுரையையும் ஒம் பொண்டாட்டி அல்லி தமிழ்ல சொன்னா. ஆஸ்திரேலியாவுல ஒரு மாநிலம் "இந்த ஆளு எங்களுக்கு வேணும்"னு ஒம் பேரச் சொல்லிக் கேக்கணுமாம். அதுவும் பெரிய ஊருக்கு இல்லையாம், ஆளு போவாத கோதுமக் காட்டுக்காம். மூணு வருசம் அங்கயே கெடக்கணுமாம். அதுக்கு நீ, "அமைதியான கிராம வாழ்க்கையே என் விருப்பம்"னு எழுதிருக்கியாமே! நீயா? குரும்பகரத்துல பொழுது சாஞ்சா பரோட்டா கெடைக்கலன்னு காரைக்கா பஸ்டாண்டு வரைக்கும் வண்டிய வெரட்டுனவன். இந்த ஊருல மனுசன் இருப்பானான்னு கேட்டவன். வெள்ளக்காரன் ஊருல மட்டும் மனுசன் இருப்பானா? அல்லி படம் காட்டுனா. ஒரு ரோடு, ஒரு பெட்ரோல் பங்கு, ஒரு கோழி கூட இல்ல.

பிரெஞ்சுக்காரன் காரைக்கால வுட்டுப் போனப்ப, அவன் நாட்டுக் குடிமகனாவே இருக்கேன்னு எங்கப்பன் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் பாரீசுல உக்காந்து, ஒன்ன யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருப்பேன். தப்பிச்ச.

இப்ப சேதிக்கு வர்றேன். ஒன் வேலையப் பத்தி விசாரிக்க நேத்து ஒரு வெள்ளக்காரப் பொம்பள போன் பண்ணுச்சு. அதுக்குத் தமிழ் தெரியாதுன்னு நடுவுல ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி.

"ஐயா, மாறன் உங்களிட்ட என்ன வேலை செய்தவர் எண்டு கேக்கிறா."

"அவனா? ஸ்பேனர் எடுத்துக் குடுப்பான்."

"டிராக்டர், அறுவடை இயந்திரம் எல்லாம் திருத்துறவரோ?"

"தொட்டுப் பாப்பான். நான் பக்கத்துல நிக்கணும்."

"ஹைட்ராலிக் வேலை?"

"ஹைட்ராலிக் அவனுக்கு வராது தம்பி. ஏதோ அனுப்பி வைக்கிறோம், நீங்கதான் பாத்துத் திருத்திக்கணும்."

எப்படி? சொந்தப் புள்ளைய முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட வாய் நெறையப் புகழ்ந்தா கண்ணு பட்டுடும். தருமபுரத்துலேருந்து ஒங்கம்மாவப் பொண்ணு பாக்க வந்தப்ப எங்கப்பா இதத்தான் சொன்னாரு. "ரசம் கூட வைக்கத் தெரியாது, எதுத்து எதுத்துப் பேசும், ஒங்க வூட்டு மனுசங்கதான் திருத்தணும்"னாரு. பொண்ணு அவ்வளவு நல்லதான்னு அன்னைக்கே பூ வச்சிட்டுப் போனாங்க. ஒனக்கும் பூ வச்சாச்சுன்னு நெனச்சுக்க.

அறுப்பு நேரம். பட்டறையில வேல தலைக்கு மேல கெடக்கு. நீ இல்லாததால ஒண்ணும் கொறையல.

மாமன்,
கருப்பையன்


ஓசூர்,
25.1.2025

மாமாவுக்கு,

உங்கள் கடிதமும், உங்களிடம் போனில் விசாரித்த அலுவலகத்தின் மின்னஞ்சலும் ஒரே நாளில் வந்தன. அதில் உள்ளதைத் தமிழில் தருகிறேன். "விண்ணப்பதாரர் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் உதவியாளராக மட்டுமே இருந்ததாக அவருடைய முதலாளி உறுதிப்படுத்தியுள்ளார். ஹைட்ராலிக் பணிகளில் அவருக்குத் திறன் இல்லை." நீங்கள் வைத்த பூ இதுதான்.

உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. அதனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். நான் கனரக இயந்திர மெக்கானிக்தான் என்று முதலில் ஒரு அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சான்று இருந்தால்தான் மாநிலம் என்னை முன்மொழியும். மாநிலம் முன்மொழிந்தால்தான் விசா. வரும் ஆனியில் எனக்கு வயது ஏறுகிறது. ஏறினால் மதிப்பெண் குறையும், குறைந்தால் என் பெயர் வரிசையின் அடிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு கோதுமைக் காடும் கிடையாது, கோழியும் கிடையாது.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அந்த அனுபவம் செல்லாது. செல்லக்கூடியது உங்கள் தகரக் கொட்டகையில் நான் கிடந்த ஒன்பது வருடம்தான். அதற்கு உலகத்தில் ஒரே சாட்சி நீங்கள். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

கெஞ்சிக் கேட்டதில் ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார்கள். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நான் செய்த வேலைகள் அதில் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பிப்ரவரியில் மறுபடி போன் வரும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கேலி வேண்டாம். ரசம் வேண்டாம். தாத்தா வேண்டாம்.

மாறன்


குரும்பகரம்,
30.1.2025

கலெக்டர் மாறன் அவர்களுக்கு,

என்னடா தமிழ் இது? "முன்மொழியும்", "உறுதிப்படுத்தியுள்ளார்". ஜப்தி நோட்டீசுன்னு நெனச்சு ஒங்கம்மா பங்கஜவல்லி அழ ஆரம்பிச்சிட்டா. அப்புறம் நெசமாவே என்னன்னு சொன்னேன், இன்னும் கூட அழுதா.

அந்த யாழ்ப்பாணத்தான் தமிழன்தானே? தமிழன் சொன்னது தமிழனுக்குப் புரிய வேணாம்? நான் சொன்னத அப்படியே சொல்லிருக்கான் பாரு, என்ன ஆளு அவன். "ஏதோ இருக்கான்"னு நம்ம பக்கம் ஒருத்தன் சொன்னா, ஆளு கெட்டிக்காரன்னு பச்சப்புள்ளைக்குத் தெரியும். வெள்ளக்காரன் இவ்வளவு கப்பல் வுட்டு இவ்வளவு ஊர் புடிச்சான், இது ஒண்ணு தெரியலையே.

நீ அனுப்புன தாளு வந்துச்சு. ஜெகபர் சாதிக் கம்ப்யூட்டர் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போயி படிக்கச் சொன்னேன். அவன் சத்தமா, தமிழ்ல சொல்லிச் சொல்லிப் படிக்கிறான். "மாறன் மிகச் சிறந்த தொழில் வல்லுநர். சிக்கலான பழுதுகளைத் தனித்து நின்று சரிசெய்யும் ஆற்றல் மிக்கவர்." கடையில ஜெராக்ஸ் எடுக்க வந்தவன்லாம் திரும்பிப் பாக்குறான். "யாரு மாமு இது, அப்துல் ரகுமான் தெருவுல புதுசா வந்திருக்க டாக்டரா?"ன்னு சாதிக்கே கேக்குறான். எனக்குச் சிரிப்பு தாங்கல. கல்யாணப் பத்திரிகையில கூட மாப்பிள்ளைய இப்புடிப் போட மாட்டான். ஒன்னைய நீயே வல்லுநருன்னு எழுதி, அதுல நான் கையெழுத்துப் போடணுமா? வெக்கமா இல்ல?

பொய் சொல்லச் சொல்லு, சொல்றேன். நம்ம தெரு குடிகாரன் வீரண்ணன் குடிக்கவே மாட்டான்னு கோயில்ல சத்தியம் பண்ணவன் நான். புகழச் சொல்லாத. நாக்கு பொரளாது. எங்கப்பன் என்னைய ஒரு நாளும் புகழல. நான் கெட்டா போயிட்டேன்?

தாளு சாதிக் கடையிலயே இருக்கு. கையெழுத்துப் போடலன்னு சொல்ல மாட்டேன், போட்டேன்னும் சொல்ல மாட்டேன். ரெண்டு நாளு தூங்காம கெட.

தெட்சிணாமூர்த்தியோட அறுப்பு மிசினு நம்ம கொட்டாயில நிக்குது. ஒண்ணும் இல்ல, சின்ன வேல. பாத்துக்கிட்டு இருக்கேன்.

கருப்பையன்


ஓசூர்,
5.2.2025

மாமா,

கையெழுத்துப் போடச் சொல்லி அம்மா உங்கள் வாசலில் வந்து நின்று கேட்டாளாம். நீங்கள் அவளுக்குக் காப்பி கொடுத்து, "ஒம் மவன் வல்லுநராமே, ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்களாம். அவளும் சிரித்துவிட்டாளாம். உங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒரே மாதிரிதான்.

நான் சிரிக்கவில்லை. ஓசூரில் ஒரே அறையில் மூன்று பேரோடு படுத்துக்கொண்டு, ஷிப்டு முடிந்து வந்து, "The farmer's tractor" என்று வாய்விட்டுப் படிப்பவனுக்குச் சிரிப்பு வராது.

இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடத்தில் ஒரு தடவையாவது, "நல்லா செஞ்சிருக்கடா" என்று சொல்லியிருக்கிறீர்களா? வயலில் நின்றுபோன மிஷினைச் சேற்றில் படுத்துக் கிடந்து கிளப்பிக்கொண்டு வந்தால், "இவ்வளவு நேரம் என்ன பண்ணுன, தூங்குனியா?" என்பீர்கள். கண்ணு படக்கூடாது என்றா அது? பட்டறையில் நாமிருவரும்தானே இருந்தோம். யார் கண் பட்டிருக்கும், உங்கள் கண்ணா?

தெட்சிணாமூர்த்தி அண்ணன் எனக்குப் போன் செய்தார். "தம்பி, மிஷினு பொங்கலுக்கு மறுநாள்லேருந்து நிக்குது. கதிரு சாயுது. ஒங்க மாமா தினமும் நாளைக்குங்கறாரு" என்றார். ஆக, அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் நீங்கள் பேசியபோதே மிஷின் உங்கள் முன்னால் செத்துக் கிடந்திருக்கிறது. "ஹைட்ராலிக் அவனுக்கு வராது" என்று அதைப் பார்த்துக்கொண்டேதான் சொல்லியிருக்கிறீர்கள்.

திருஷ்டி, ரசம் எல்லாம் நான் நம்பவில்லை. நான் போனால் உங்களுக்கு ஆள் இல்லை. அதனால் வேண்டுமென்றே செய்தீர்கள். அதைச் சொல்ல வாய் வராமல் கேலி செய்கிறீர்கள். இதுதான் என் முடிவு.

மிஷினுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பவன்தானே.

மாறன்


குரும்பகரம்,
10.2.2025

மாறா,

போன் வந்துச்சு. பேசிட்டேன். நீ சொன்ன மாதிரி பேசல. எனக்கு வந்த மாதிரிதான் பேசுனேன். அதே பொம்பள, அதே தம்பி.

"ஐயா, மாறனைப் பற்றி இன்னும் கொஞ்சம் விபரம் வேணுமாம்."

"அந்தப் பயலப் பத்தி என்கிட்டக் கேக்காதீங்க. வயிறு எரியுது."

"ஏன் ஐயா?"

"அறுப்புக்கு ஆளு வேணுங்கற நேரத்துல வுட்டுட்டுப் போயிட்டான். இங்க ஒருத்தன் மிசினு படுத்துக் கெடக்கு. முன்னாடி கத்திய தூக்கணும்ல, தூக்க மாட்டேங்குது. நானும் பம்பப் பிரிச்சேன். பிரிச்சத மாட்டத் தெரியல. சாக்குல கட்டி வச்சிருக்கேன்."

"அப்ப, அந்த வேலை மாறன் செய்யிறவரோ?"

"பின்ன நானா செஞ்சேன்? எனக்கு பம்ப்செட்டு தெரியும், டீசல் எஞ்சின் தெரியும். இந்த எண்ணெ அழுத்துற சமாச்சாரம்லாம் அந்தத் திமிரு புடிச்சவன் வந்தப்புறம்தான் இந்தக் கொட்டாய்க்குள்ள வந்துச்சு. அவனே படிச்சான், அவனே பிரிச்சான், அவனே மாட்டுனான். பக்கத்துல போனா, 'நவுருங்க மாமா, வெளிச்சம் மறைக்குது'ங்கறான். என் கொட்டாயில என்னையே நவுரச் சொல்றான்!"

"போன முறை ஹைட்ராலிக் அவருக்கு வராது எண்டு சொன்னனீங்கள்."

"எனக்கு வராதுய்யா! அவனுக்கு வராதுன்னு சொன்னது வேற. ஏன் தம்பி, ஒங்க ஊருல கொழந்தைக்குக் கன்னத்துல கறுப்புப் பொட்டு வைக்க மாட்டீங்களா?"

அந்தத் தம்பி, "வைக்கிறனாங்கள் ஐயா"ன்னுச்சு. அப்புறம் அந்தப் பொம்பளகிட்ட இங்கிலீசுல பேச ஆரம்பிச்சுச்சு பாரு, நான் ஒரு வெத்தல போட்டு முடிச்சிட்டேன், இன்னும் பேசுது. நான் கேட்டது ஒரு கேள்வி. அந்தத் தம்பி ராமாயணமே சொல்லிருக்கும்.

அப்புறம் ஒவ்வொண்ணா கேட்டுச்சு. நானும் ஒவ்வொண்ணுக்கும் ஒன்னையத் திட்டுனேன். மண்ணு வாருற மிசினுக்கு ஆறு மணி நேரத்துல சிலிண்டர் சீல் மாத்துனத, "அவசரக் குடுக்க"ன்னு சொன்னேன். நெடுங்காட்டு வயல்ல சேத்துல படுத்து கெளப்புனத, "சொன்னா கேக்க மாட்டான், சளி புடிச்சு ஒரு வாரம் கெடந்தான்"னேன். வேற பட்டறையில கைய விரிச்ச வண்டியெல்லாம் இங்க வர்றத, "இவனால எனக்கு நாலு மெக்கானிக்கு விரோதம்"னேன். பொய்யி ஒண்ணுகூட இல்ல. கேட்டுக்க.

கடைசியா அந்தப் பொம்பள சிரிச்சுச்சு. என்ன தம்பின்னேன். "உங்களுக்கு அவரில நல்ல விருப்பம் எண்டு நினைக்கிறாவாம்"னுச்சு. "அத மட்டும் எழுத வேணாம்னு சொல்லு"ன்னேன்.

கையெழுத்துப் போட்ட தாளையும் போன் வந்த அன்னைக்கே சாதிக் அனுப்பிட்டான்.

வேணும்னே செஞ்சேன்னு எழுதிருக்க. அதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். நீயே பெரிய வல்லுநரு, பிரிச்சுப் பாத்துக்க.

வர்ற ஞாயித்துக்கெழம நான் பட்டறையில இருக்க மாட்டேன். மண்டபத்தூருல படகு எஞ்சின் ஒண்ணு பாக்கணும். சாவி வழக்கமா வைக்கிற எடத்துலதான் இருக்கு. ஏன் சொல்றேன்னா, சும்மா சொல்றேன்.

கருப்பையன்


பட்டறை, குரும்பகரம்,
16.2.2025, ஞாயிறு

மாமா,

அம்மாவைப் பார்க்க வந்தேன். வழியில் சும்மா எட்டிப் பார்த்தேன்.

சாக்கைத் திறந்தால் அழுகை வருகிறது. பம்பின் ரப்பர் சீலைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். பத்தாததற்குச் சுத்தியலால் வேறு தட்டியிருக்கிறீர்கள். எழுபது வயதில் இது என்ன புத்தி? உங்களை மாதிரி மெக்கானிக்கை அந்த நாட்டில் ஸ்பேனர் தொடவே விடமாட்டார்கள்.

மாட்டிவிட்டேன். கத்தி மேலே போகிறது, நிற்கிறது, இறங்குகிறது. தெட்சிணாமூர்த்தி அண்ணன் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார். எண்ணெயை அடிக்கடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வருவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும்.

மாறன்


ஓசூர்,
2.6.2025

மாமா,

தொழில் சான்று சித்திரையிலேயே வந்துவிட்டது. உங்களிடம் சொன்னால் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பீர்கள் என்று சொல்லவில்லை. நேற்று மாநிலத்திடமிருந்து கடிதம். என் பெயரை முன்மொழிந்துவிட்டார்கள். வயது ஏற இன்னும் சில நாள் இருக்கும்போது வந்தது. இனி மருத்துவச் சோதனை, போலீஸ் சான்று, விசா. விசா வந்ததும் அல்லியையும் அழைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அதே பெட்ரோல் பங்கு ஊர்தான். அங்கே கோதுமை அறுக்கும் மிஷின் ஒவ்வொன்றும் நம் கொட்டகையை விடப் பெரியதாம். திருத்த ஆள் இல்லையாம்.

பட்டறைக்கு ஒரு ஆள் பாருங்கள். பாலிடெக்னிக் முடித்த பையன் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். அவனையாவது திட்டாமல் இருங்கள். இல்லை, திட்டுங்கள். திட்டாவிட்டால் அவனுக்கு எப்படித் தெரியும்.

மாறன்


குரும்பகரம்,
10.6.2025

மாப்ள,

ஒன் லெட்டர் வந்துச்சு. ஒரு மாநிலமே ஒன் பேரச் சொல்லிக் கேக்குதாமே. இந்த ஊருல ரேசன் கடையில கூட ஒன் பேரச் சரியா கூப்பிட மாட்டான். அவங்களுக்கு வேற ஆளே கெடைக்கல போல. பாவம், நல்ல நாடுன்னு நெனச்சேன்.

ஒங்கம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. ஒவ்வொரு வூட்டுலயும், "என்னமோ கூப்புடுறாங்க, போறான், அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறான்"ங்கறா. சரியாத்தான் சொல்றா.

ஆளு வைக்கச் சொல்லி எழுதிருந்த. ரெண்டு பய வந்தானுவ. ஒருத்தன் வந்ததும் வைபை இருக்கான்னு கேட்டான். இன்னொருத்தன் நல்லா வேல செஞ்சான். சாயங்காலம், "பரவால்லடா தம்பி, நல்லா பண்ணுன"ன்னு சொல்லிப் பாத்தேன், நீ எழுதுனியேன்னு. மறுநாளு வரல. காரைக்கால்ல ஷோரூமுக்குப் போயிட்டான். நீயும் ஒன் யோசனையும்.

அதனால இனிமே அறுப்பு மிசினு, டிராக்டர் ஹைட்ராலிக்கு எதுவும் நம்ம பட்டறைக்கு வேணாம்னு தெட்சிணாமூர்த்தியக் கூப்புட்டு சொல்லிட்டேன். அடுத்த அறுப்புக்கு மயிலாடுதுறைக்கு ஓட்டிக்கிட்டுப் போவட்டும். "இன்னும் நாளு கெடக்குதே, அதுக்குள்ள யாராச்சும் வருவாங்க மாமா"ன்னான். "வர்றவனுக்கு வராதுடா"ன்னேன்.

நேத்து பெயிண்டர் இஃபாத்தக் கூப்புட்டு பட்டறை போர்டுல, நீ வந்தப்புறம் சேத்து எழுதுன அந்த ரெண்டு வரியையும் அழிக்கச் சொன்னேன். பம்ப்செட்டு, டீசல் எஞ்சின் மட்டும் இருக்கு. பாதி போர்டு வெள்ளையா கெடக்கு. "இதுல என்ன எழுதட்டும் மாமு? சாமி படம் போடட்டா?"ன்னு பிரஷ்ஷ வச்சிக்கிட்டு நிக்கிறான். ஒண்ணும் எழுத வேணாம்னு அனுப்பிட்டேன்.

எவனாச்சும் கேட்டா, பெயிண்டு பத்தலன்னு சொல்லிக்கிறேன்.

கருப்பையன்